குழம்பைக் கெட்டியாக்கும் மாவு: எதற்கு அஞ்சலாம், எதற்கு அஞ்ச வேண்டாம்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேயர்களின் கேள்விகளுக்கான பதில்களும் இதில் அடங்கும்.)

நேயர்களே, ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து சையத் ஆல்வி ரோடு பக்கம் நடந்தால், எந்த மளிகைக் கடையிலும் உலகத்தின் பாதி அலமாரியில் இருக்கும். சென்னையிலிருந்து வந்த தக்காளி சாஸ், மலேசியாவில் தயாரான மிளகாய் சாஸ், ஐரோப்பாவிலிருந்து வந்த சூப் பொட்டலம், தைவானின் மரவள்ளி முத்துகள் என்று எல்லாம் ஒரே கடையில் கிடைக்கும். இவற்றைத் திருப்பிப் பார்த்துச் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். இந்தியப் புட்டியில் "கெட்டிப்படுத்தி 1422" என்பது போல ஓர் எண் இருக்கும். ஐரோப்பியப் பொட்டலத்தில் "மாடிஃபைட் ஸ்டார்ச்" என்று எழுதியிருக்கும். மலேசியப் புட்டியில் சோளத்தின் பெயரையும் சேர்த்திருப்பார்கள். பெரும்பாலும் மூன்றும் ஒரே வகைப் பொருள்தான். தமிழில் அதை மாற்றம் செய்யப்பட்ட மாவுச்சத்து எனலாம்.

இந்தப் பெயரைப் பார்த்ததும் பலருக்கு ஒரு பயம் வருகிறது. "மாற்றம் செய்தார்கள் என்றால் எதை மாற்றினார்கள்? இரசாயனமா? மரபணுவா? பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஒன்றொன்றாகப் பார்ப்போம்.

மாவு எப்படிக் கெட்டிப்படுத்துகிறது?

சாம்பார் நீர்த்துப்போனால் வீட்டில் என்ன செய்கிறோம்? ஒரு கரண்டி அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறோம். சீன உணவுக் கடைக்காரர் சோள மாவைக் கரைத்து ஊற்றுகிறார். இரண்டிலும் நடப்பது ஒன்றே. மாவுச்சத்து மிகச் சிறிய மணிகளாக இருக்கிறது. குளிர்ந்த நீரில் அது கரையாமல் அடியில் தங்கிவிடும். சுமார் 60 முதல் 75 டிகிரி வெப்பம் ஏறும்போது அந்த மணிகள் தண்ணீரை உறிஞ்சி ஊதிப் பெருக்கும். பெருத்த மணிகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்து நிற்பதால் குழம்பு கெட்டியாகிறது.

ஆனால் இந்த வித்தைக்கு எல்லை உண்டு. அதிக நேரம் கொதித்தால் மணிகள் உடைந்து குழம்பு மறுபடி நீர்க்கும். புளியும் வினிகரும் சேர்ந்தால் இன்னும் விரைவில் உடையும். ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், மறுநாள் மேலே தண்ணீர் பிரிந்து நிற்கும். உறைய வைத்து உருக்கினால் பஞ்சு போலாகும். வீட்டில் அன்றே சமைத்து அன்றே சாப்பிடுவதால் இவை பெரிதாகத் தெரிவதில்லை.

தொழிற்சாலைக்கு இது போதாது. டின்னில் அடைத்த சூப்பைக் கிருமி நீக்குவதற்கு 121 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். புட்டியில் அடைத்த சாஸ் புளிப்பானது. அது மாதக்கணக்கில் அலமாரியில் நிற்க வேண்டும். உறையவைத்த கோழிக் கறியின் குழம்பு உருகியபின்னும் பழைய பதத்தில் இருக்க வேண்டும். சாதாரண மாவு இதைத் தாங்காது. அதனால் மாவை முன்கூட்டியே பக்குவப்படுத்துகிறார்கள்.

என்ன மாற்றுகிறார்கள்?

பக்குவப்படுத்தும் வழிகள் மூன்று வகை. முதலாவது, வெப்பத்தால் மாற்றுவது. மாவை முன்பே வேகவைத்து உலர்த்தித் தூளாக்குவார்கள். அது குளிர்ந்த நீரிலேயே கெட்டியாகும். உடனடி சூப் தூள்களில் இது பயன்படும். இரண்டாவது, நொதிகளால் மாற்றுவது. மூன்றாவது, இரசாயன வினையால் மாற்றுவது. மக்கள் அஞ்சுவது இந்த மூன்றாவதை நினைத்துத்தான்.

இதிலும் முக்கியமான வேலைகள் இரண்டு. ஒன்று, மாவுச்சத்தின் சங்கிலிகளுக்கு இடையே அங்கொன்றும் இங்கொன்றுமாக முடிச்சுப் போடுவது. துணியின் ஓரத்தைத் தைத்தால் நூல் பிரியாமல் இருப்பதைப் போல, முடிச்சுப் போட்ட மணி கொதித்தாலும் புளித்தாலும் உடையாது. பாஸ்பேட் அல்லது அடிப்பேட் இந்த முடிச்சாக அமைகிறது. இன்னொன்று, சங்கிலிகள் ஆறும்போது நெருங்கி ஒட்டிக்கொள்ளாதபடி நடுவில் சிறு தடுப்புகளைப் பொருத்துவது. அப்போது தண்ணீர் பிரியாது. இரண்டையும் சேர்த்துச் செய்வதும் உண்டு. நாம் பார்த்த 1422 அத்தகையது. சோடியம் ஆக்டெனைல் சக்சினேட் சேர்த்த 1450 என்ற வகை எண்ணெயையும் நீரையும் பிரியாமல் வைக்கிறது. பானங்களில் வாசனை எண்ணெயைக் கலந்து நிறுத்த அது உதவுகிறது.

சேர்க்கும் அளவு எவ்வளவு? அனைத்துலக விவரக் குறிப்புப்படி 1422 வகையில் அடிப்பேட் 0.135 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அசெட்டைல் 2.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. மற்றதெல்லாம் மாவுதான்.

மரபணுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே மாற்றப்படுவது அறுவடைக்குப் பின் எடுத்த மாவு. பயிரின் மரபணு அல்ல. அந்தச் சோளம் மரபணு மாற்றப் பயிரா என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு மதிப்பீட்டு முறை இருக்கிறது.

யார் அனுமதிக்கிறார்கள்?

உலக உணவு வேளாண் நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு ஒன்று உணவுச் சேர்மானங்களை மதிப்பிடுகிறது. இந்த மாவு வகைகளுக்கு அக்குழு "அன்றாட அளவு குறிப்பிடப்படவில்லை" என்ற தகுதியைத் தந்திருக்கிறது. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆராயாமல் விட்டுவிட்டார்கள் என்பது இதன் பொருளல்ல. ஆராய்ந்து பார்த்ததில், உணவில் வழக்கமாகச் சேரும் அளவால் தீங்கில்லை என்பதால் எண்ணிக்கையில் வரம்பு வைக்கத் தேவையில்லை என்பதே பொருள். 2017ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 12 வகைகளை மறு ஆய்வு செய்து இதே முடிவுக்கு வந்தது.

எண்களைத் தருவது கோடெக்ஸ் என்னும் அனைத்துலக உணவுத் தர ஆணையம். இந்தக் குடும்பத்தின் எண்கள் 1400இல் தொடங்குகின்றன. கோடெக்ஸ் விதியில் ஒரு நல்ல வேறுபாடு உண்டு. இரசாயன வினைக்கு உட்படாத மாவை வெறுமனே "ஸ்டார்ச்" என்று எழுதலாம். உட்பட்டதை அப்படி எழுதக்கூடாது. மாற்றம் செய்யப்பட்டது என்று சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவில் வெப்பத்தாலும் நொதியாலும் மாற்றிய மாவு சேர்மானமாகவே கருதப்படுவதில்லை. அது சாதாரண உணவுப் பொருள். ஆகவே ஒரு பொட்டலத்தில் எண் இல்லை என்பதால் அது உயர்ந்ததுமல்ல. எண் இருப்பதால் மற்றது தாழ்ந்ததுமல்ல.

சிங்கப்பூரில் உணவு விதிமுறைகள் இதைக் கட்டுப்படுத்துகின்றன. 2019 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் சிங்கப்பூர் உணவு அமைப்பு இந்தப் பொறுப்பை வகிக்கிறது. அதற்குமுன் வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையத்திடம் இருந்தது. அனுமதி பெற்ற சேர்மானங்களை மட்டுமே சேர்க்கலாம். சேர்மானங்களை எடையில் அதிகமானது முதலில் வரும்படி வரிசையாக எழுத வேண்டும். கோதுமை போன்ற குளூட்டன் உள்ள தானியங்களிலிருந்து வந்தது என்றால் அதையும் தெரிவிக்க வேண்டும். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் உணவுப் பாதுகாப்பு தொடர்பான புதிய சட்டத்தை நிறைவேற்றியது. பல சட்டங்களில் சிதறிக் கிடந்தவற்றை ஒன்றாக்கும் அது, 2028க்குள் கட்டம் கட்டமாக நடப்புக்கு வருகிறது.

2013ல் நடந்தது என்ன?

"எல்லாம் பாதுகாப்பு என்றால், தைவான் முத்துகளை ஏன் கடையிலிருந்து எடுத்தார்கள்?" என்று ஒரு நேயர் கேட்டார். நல்ல கேள்வி.

2013 மே மாதம் தைவானில் சில மாவுகளில் மலெயிக் அமிலம் இருப்பது தெரியவந்தது. பபிள் டீயில் போடும் மரவள்ளி முத்துகள், நூடல்ஸ் போன்றவற்றில் அந்த மாவு கலந்திருந்தது. முத்துகளுக்கு இழுபடும் பதம் வருவதற்காக மலெயிக் அன்ஹைட்ரைடு என்ற பொருளால் மாவை மாற்றியிருந்தார்கள். ஒட்டுப்பொருள்களும் பிளாஸ்டிக் வகைகளும் செய்யப் பயன்படும் தொழிற்சாலைப் பொருள் அது. அனுமதி பெற்ற மாவுப் பட்டியலில் அது எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சிங்கப்பூரிலும் அப்போதைய ஆணையம் சோதனை நடத்தி, 11 தைவான் பொருள்களை விற்பனையிலிருந்து மீட்க உத்தரவிட்டது. எப்போதாவது சிறிதளவு சாப்பிட்டதால் பெரிய ஆபத்தில்லை, நீண்ட காலம் அதிக அளவில் சேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்று விளக்கமும் அளிக்கப்பட்டது. ஐரோப்பிய அளவுகோலின்படி உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் என்பது தாங்கக்கூடிய அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 30 மில்லிகிராம்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். ஆப்பிளில் இயற்கையாக உள்ள மாலிக் அமிலம் வேறு, இந்த மலெயிக் அமிலம் வேறு. மாலிக் அமிலம் அனுமதி பெற்ற புளிப்புப் பொருள். ஓர் எழுத்து மாறினால் பொருளே மாறிவிடுகிறது.

இதற்கு இரண்டு ஆண்டுக்கு முன், 2011ல், அதே தைவானில் இன்னொன்று நடந்தது. பழரசங்கள் தெளிந்து பிரியாமல் இருக்கச் சேர்க்கும் கலங்கல் பொருளில் பாமாயிலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக்கை இளக்கும் இரசாயனத்தைக் கலந்துவிட்டார்கள். இரண்டு சம்பவங்களிலும் தவறு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அனுமதி பெற்ற பொருளால் கேடு வரவில்லை. அதன் இடத்தில் மலிவான அல்லது வசதியான வேறொன்றை யாரோ ஒருவர் வைத்தார். அடுத்து வாங்கியவர்கள் சோதிக்கவில்லை. அதனால்தான் பட்டியல் போடுவதோடு அரசாங்கத்தின் வேலை முடிவதில்லை. மாதிரி எடுத்துச் சோதிக்கும் ஆய்வுக்கூடமும், எந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று காட்டும் பதிவேடும் வேண்டும்.

நம் ஜவ்வரிசியும் மாவுதான்

"பாயசத்துக்கு வாங்கும் ஜவ்வரிசி இந்த வகையா?" என்பது இன்னொரு கேள்வி. இல்லை. அது மரவள்ளிக் கிழங்கின் சாதாரண மாவை உருட்டி வறுத்து உலர்த்தியது. ஜாவாவிலிருந்து வந்த அரிசி என்பதால் அந்தப் பெயர் வந்தது என்பர். அந்தக் காலத்தில் சேகோ என்ற பனை மரத்தின் தண்டிலிருந்து மாவெடுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூர் அந்த முத்துகளைச் செய்து ஏற்றுமதி செய்த இடம். சைனாடவுனில் சேகோ ஸ்திரீட், சேகோ லேன் என்ற பெயர்கள் அதற்குச் சாட்சி.

இன்று தமிழ்நாட்டில் சேலம்தான் ஜவ்வரிசிக்குப் பெயர் போனது. 1981 முதல் அங்கே உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் இயங்குகிறது. 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கேயும் பிரச்சினைகள் இருந்திருக்கின்றன. மரவள்ளி மாவில் மலிவான மக்காச்சோள மாவைக் கலப்பது, பளிச்சென்று வெள்ளையாகத் தெரிவதற்காக வெளுப்பு இரசாயனம் சேர்ப்பது ஆகியவற்றை உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஆய்வுகளில் பிடித்திருக்கிறார்கள். கிழங்கு பயிரிடும் விவசாயிக்கும் அதனால் விலை விழுகிறது. ஆகவே ஜவ்வரிசி வாங்கும்போது கண்ணைப் பறிக்கும் வெண்மையைத் தரம் என்று எண்ணிவிடாதீர்கள். இயல்பான ஜவ்வரிசி சற்று மங்கலாகவே இருக்கும்.

விழுங்கச் சிரமப்படும் மூத்தோர்

இப்போது மிக முக்கியமான பகுதிக்கு வருகிறேன். நம் வீடுகளில் மூத்தோர் பெருகுகிறார்கள். பக்கவாதம், பார்க்கின்சன், மறதி நோய் ஆகியவற்றால் சிலருக்கு விழுங்கும் ஆற்றல் குறைகிறது. தண்ணீர் வேகமாக ஓடி மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் அழற்சி உண்டாகி உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால் மருத்துவமனையில் பேச்சு சிகிச்சையாளர், தண்ணீரையும் தேநீரையும் ஒரு தூள் போட்டுக் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்வார். அந்தத் தூள் இரண்டு வகை. ஒன்று மாற்றம் செய்யப்பட்ட மாவுச்சத்து. மற்றது சாந்தன் என்னும் பிசின். இரண்டும் ஒன்றல்ல.

லோர் மீ சாப்பிட்டவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். தொடக்கத்தில் கெட்டியாக இருந்த குழம்பு, பாதி சாப்பிடும்போது தண்ணீராகிவிடும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. கரண்டியோடு நம் எச்சில் குழம்பில் போய்ச் சேர்கிறது. எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை வெட்டிவிடுகிறது. மாவுத்தூளால் கெட்டியாக்கிய பானத்திலும் இதேதான் நடக்கும். முதியவர் வாய் வைத்த குவளையை அரை மணி நேரம் வைத்திருந்து மீண்டும் கொடுத்தால், அது கெட்டியாக இருக்கிறதென்று நம்ப முடியாது. மறுபக்கம், வாய் வைக்காமல் அப்படியே வைத்திருந்தால் மாவு மேலும் ஊறி அளவுக்கு மீறிக் கெட்டியாகவும் கூடும். சாந்தன் பிசினை அமிலேஸ் வெட்டாது. எந்த வகையை எந்த அளவு போடுவது என்பதைச் சிகிச்சையாளரிடம் கேட்டு அதன்படியே செய்யுங்கள். வகையை மாற்றினால் கரண்டிக் கணக்கும் மாறும். வீட்டுச் சோள மாவைக் காய்ச்சி ஈடு செய்ய நினைக்காதீர்கள்.

பதத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. விழுங்கல் குறைபாட்டுக்கான அனைத்துலகத் தர அளவுகோலில் 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். பானங்களுக்கு 0 முதல் 4 வரை. அந்த அளவுகோல் குறிப்பிடும் 10 மில்லி ஊசிக் குழாயில், ஊசி இல்லாமல், பானத்தை 10 மில்லி நிரப்பி 10 விநாடி ஒழுக விட வேண்டும். மிஞ்சுவது 1 முதல் 4 மில்லி என்றால் நிலை 1. 4 முதல் 8 என்றால் நிலை 2. 8க்கு மேல் மிஞ்சினாலும் கொஞ்சம் ஒழுகினால் நிலை 3. ஒன்றும் ஒழுகவில்லை என்றால் நிலை 4. வீட்டில் பராமரிக்கும் பணிப்பெண்ணுக்கும் இதைக் காட்டிக் கொடுங்கள்.

இன்னோர் எச்சரிக்கை. மூத்தோருக்கு மலச்சிக்கலுக்காகத் தண்ணீரில் கலந்து குடிக்கும் ஒரு வகைத் தூள் தருவார்கள். அதில் பாலிஎத்திலீன் கிளைக்கால் இருந்தால், அதை மாவு வகைத் தூளால் கெட்டியாக்கிய பானத்தில் கலக்கக்கூடாது. கலந்தால் பானம் நீர்த்துவிடும். 2021 ஏப்ரலில் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுபற்றி மருத்துவர்களை எச்சரித்தது. கெட்டியாக்கிவிட்டோம் என்ற நம்பிக்கையில் கொடுப்பதால்தான் ஆபத்து. இரண்டும் தேவைப்பட்டால் மருந்தகத்தாரிடம் கட்டாயம் கேளுங்கள்.

நேயர்களின் மற்றக் கேள்விகள்

சைவ உணவுக்காரர்கள் சாப்பிடலாமா? மாவு சோளம், மரவள்ளி, உருளை, கோதுமை, அரிசி ஆகியவற்றிலிருந்தே வருகிறது. விலங்கிலிருந்து வரும் கெட்டிப்படுத்தி ஜெலட்டின். அது வேறு, அதன் பெயர் பட்டியலில் தனியாக இருக்கும்.

நீரிழிவு உள்ளவர்கள்? பெரும்பாலான வகைகள் வயிற்றில் சாதாரண மாவைப் போலவே செரித்துச் சர்க்கரையாகும். சாஸில் சேரும் அளவு சிறியது. ஆனால் நாள் முழுவதும் ஒவ்வொரு குவளையிலும் மாவுத்தூள் போடுகிறவர்கள் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பானங்களின் நியூட்ரி-கிரேட் குறியீடு சர்க்கரையையும் நிறைகொழுப்பையும் பார்க்கிறது, மாவுச்சத்தைப் பார்ப்பதில்லை.

கைக்குழந்தைகள்? இங்கே விதி கடுமையானது. குழந்தைப் பால் மாவுக்கான கோடெக்ஸ் தரத்தில், இந்த மாவுகளில் நான்கு வகைகளுக்கு மட்டும், சோயாவில் செய்த பாலில் 100 மில்லிக்கு 0.5 கிராம் என்ற உச்ச வரம்பு இருக்கிறது. பிசின் வகையும் எல்லாக் குழந்தைக்கும் ஏற்றதல்ல. சாந்தன் கொண்ட ஒரு தூளைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று 2011ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. மருத்துவர் சொல்லாமல் குழந்தையின் பாலில் எதையும் கலக்காதீர்கள்.

கடைசியாக, பணத்தைப் பற்றி ஒரு சொல். மாவும் தண்ணீரும் சேர்ந்தால் மலிவாகக் கெட்டி கிடைக்கும். தக்காளி குறைந்த சாஸும் பால் குறைந்த தயிரும் பார்வைக்குக் கெட்டியாகவே இருக்கும். அது நஞ்சல்ல, நாம் கொடுத்த விலைக்குக் கிடைத்தது குறைவு, அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். பட்டியலில் எது முன்னால் நிற்கிறது என்று பார்த்தால் போதும். தக்காளி சாஸில் தண்ணீரும் சர்க்கரையும் மாவும் முன்னால் வந்து தக்காளி பின்னால் நின்றால், புட்டியைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

ஆகவே 1422 என்ற எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டாம். சேர்மானப் பட்டியலே இல்லாமல் வரும் பொட்டலத்துக்கு அஞ்சுங்கள். வீட்டில் விழுங்கச் சிரமப்படும் பெரியவர் இருந்தால், அவருக்குக் கொடுக்கும் தூள் எந்த வகை என்று இன்றே டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.